வாசல் பலகையில் ஒரு பெயர்

அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மணி பத்து. நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பேய்க்கதை சொல்கிறவர்கள் இருட்டையும் மழையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது.

"வீடு சரியில்லடா. ஒரு நடை வந்து பாரு" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். என்ன சரியில்லை என்று கேட்டதற்கும் "வந்து பாரு" என்றுதான் திரும்பச் சொன்னாள். அந்த வீட்டில் எது சரியில்லை என்றாலும் பழி என் தலையில்தான் விழும். அந்த வீட்டைக் கோத்துக் கொடுத்தவன் நான்.

என் தொழில் அதுதான். ஏசியை விளக்கோடும், விளக்கைக் கதவுப் பூட்டோடும், பூட்டை வாஷிங் மெஷினோடும் பேச வைத்து, ஒரு வீட்டுச் சாமான்களுக்குள் சம்பந்தம் முடித்து வைப்பது. அக்காவின் கணவர், அதாவது மாமா, என்னைத் 'தரகரே' என்றுதான் கூப்பிடுவார். மனுஷர்களுக்குச் சம்பந்தம் பேசுவது இதைவிடச் சுலபம். ஒரு கம்பெனி ஃபிரிட்ஜ் இன்னொரு கம்பெனி மெஷினுக்கு முகம் கொடுத்துப் பேசாது. இதில் மாமா வேறு ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு கம்பெனியில் பார்த்துப் பார்த்து வாங்குவார். "எல்லாத்தையும் ஒருத்தன்கிட்டயே வாங்கினா நாளைக்கு அவன் வெச்சதுதான் சட்டம்" என்பார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர், எதையும் அவ்வளவு லேசில் நம்பமாட்டார். அந்தச் சாமான்களையெல்லாம் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் கோத்துப் பேச வைப்பதற்குள் நான் தலைகீழாக நின்றேன். அப்படியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கடைசிவரை எலியும் பூனையுமாகத்தான் இருந்தன.

மாமாவுக்குப் போனைத் தடவுவது பிடிக்காது. அதனால் எல்லாம் குரல். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு வார்த்தை, திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை. யார் சொன்னது என்பதைக் குரலை வைத்து வீடு கண்டுகொள்ளும். அவரவருக்குப் பிடித்த குளிர், பிடித்த வெளிச்சம் தானாக வரும். முதலில் கிளம்புகிற வார்த்தைக்கு 'போறேன்' என்று வைத்திருந்தேன். மாமா சாமி வந்தவர் மாதிரி ஆடிவிட்டார்.

"போறேன்னு எவனாவது வீட்ல சொல்லிட்டுக் கெளம்புவானா? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

'போயிட்டு வரேன்' என்று மாற்றினேன். திரும்பி வந்தால் 'வந்துட்டேன்'. அடுத்து அக்கா பிடித்துக்கொண்டாள். வாசற்கதவுக்கு உள்பக்கம், உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை மாட்டியிருந்தேன். அவள் அதைப் பலகை என்பாள். அதில் இரண்டு தலைப்பு: 'இருக்கிறார்கள்', 'இல்லை'.

"இல்லைன்னு எழுதி அதுக்குக் கீழ பேரைப் போட்டா பாக்கவே நல்லால்லடா. வருவாங்கன்னு போடு."

போட்டேன். ஆக அந்த வீட்டில் ஒருவர் இருப்பார், இல்லாவிட்டால் வருவார். மனுஷனுக்கு இந்த இரண்டைத் தவிர இன்னொரு நிலை உண்டு என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று மாமா தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கதவருகே நின்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பலகையில் 'வருவார்கள்' என்பதன் கீழே அவர் பெயர் நின்றது. எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பேன், எனக்கு மனசு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது அக்கா கதவைத் திறந்தாள். எட்டு மாதத்தில் பாதியாகியிருந்தாள். தோளில் கம்பளி.

உள்ளே கால் வைத்ததும் குளிர் முழங்கால்வரை ஏறியது. சரியாகக் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை. நான் பழக்கத்தில் பலகையைப் பார்த்தேன்.

இருக்கிறார்கள்: அக்கா, மாமா.

வருவார்கள் என்பதன் கீழே ஒன்றும் இல்லை.

"எத்தனை நாளாக்கா?"

"மெதுவா பேசு" என்றாள். "பன்னண்டு நாளா."

ஏதோ கோளாறு, பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று என் தொழில் புத்தி சொன்னது. அக்கா என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலையிலிருந்து ஆமை கிளம்பியது. தரை கூட்டுகிற வட்ட மெஷின் அது, அவள் வைத்த பெயர். முணுமுணுத்துக்கொண்டே தரையை வரிவரியாகக் கூட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் காலருகே வந்ததும் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நல்ல மெஷின், காலில் முட்டாது.

பிறகு அவள் நாற்காலிக்குப் பின்னால் போனது. அங்கே வெறும் தரை.

அந்த வெறும் தரையில் ஒரு சின்ன வட்டம் போட்டது. அதை ஒட்டி இன்னொரு வட்டம்.

இரண்டு பாதங்கள் இருக்கிற இடைவெளி.

"மாமாவாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லடா." அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "அவருக்கு இவ்ளோ பொறுமை ஏது? காபி ரெண்டு நிமிஷம் தாமதமானா வீடே ரெண்டாயிடும். இது பன்னண்டு நாளா என் பின்னாடி நிக்குது. ஒரு தடவகூட சலிச்சுக்கல."

கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு அவள் சொன்னாள். வெயிலில் நின்றும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. தப்பு அவளுடையதுதான் என்றாள். குரலைப் பதிவு செய்யும்போது ஒவ்வொருவரையும் இரண்டு வார்த்தைகளையும் ஐந்து தடவை சொல்ல வைப்பேன். அந்த மாதிரிகள் அவள் போனில் இருந்திருக்கின்றன. மாமா இருக்கும்போது கூடத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எரியும், அவருக்குப் பிடித்தது. அந்த வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பலகையிடம் போனை நீட்டி மாமாவின் குரலை ஓட விட்டிருக்கிறாள்.

'வந்துட்டேன்.'

"மஞ்சள் லைட் வந்துச்சு. அழுதேன்டா, சந்தோஷமா அழுதேன். அப்பறம் வாசல் கதவு பூட்டு திறந்துச்சு. யாரும் தொடல. தானா திறந்து, ஒரு ஆள் உள்ள வர்ற நேரம் திறந்தே இருந்து, மூடிக்கிச்சு."

நான் அவள் கையைப் பிடித்தேன். "கெளம்புக்கா. இப்பவே. நம்ம வீட்டுக்கு வா. இந்த வீடு இப்படியே கெடக்கட்டும்."

"மாட்டேன்." அக்காவின் பிடிவாதம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று அவள் கண்ணில் இருந்தது வேறு. "அவர் பேர்ல எவனோ உள்ள இருக்கான்டா. அவரோட லைட்டுல, அவரோட பேருல. அதை அப்படியே விட்டுட்டு நான் எப்படி வருவேன்? அந்தப் பேரை எடுத்துக் குடு. அடுத்த நிமிஷம் உன்கூட வரேன்."

சரி என்றேன். ஒரு பெயரை எடுப்பது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதலில் பெயரை நீக்கப் பார்த்தேன். 'உள்ளே இருப்பவரின் பெயரை நீக்க முடியாது' என்று பலகை சொன்னது. நான் எழுதின விதிதான். கோபத்தில் புருஷன் பெண்டாட்டியை வெளியே தள்ளிப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக எல்லா வீட்டிலும் எழுதுவேன். உள்ளே இருப்பவர் தன் குரலால் சொன்னால்தான் பெயர் நகரும்.

வெள்ளைப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பெட்டி இல்லாவிட்டால் சாமான்கள் ஒன்றுக்கொன்று அந்நியம். ஆனால் ஏசி நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் ஒருமுறை பீப் என்றது. அதே சுருதியில் வாஷிங் மெஷின் பதில் சொன்னது. ஹீட்டர், அடுப்பு, திரைச்சீலை மோட்டார், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே குரலில். ஐந்து கம்பெனிச் சாமான்கள் அவை. ஒவ்வொன்றின் பீப்பும் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இரண்டு வருஷம் தலையால் தண்ணீர் குடித்தும் நான் சேர்த்து வைக்க முடியாதவை, இப்போது பெட்டியே இல்லாமல் அவ்வளவு ஒற்றுமையாகப் பேசிக்கொண்டன.

மெயின் சுவிட்சை இறக்கினேன். விளக்குகள் போயின. திரைச்சீலைகள் மூடியிருந்ததால் கூடம் மங்கலானது.

வாஷிங் மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. மாமாவுடையது. மெதுவாகச் சுற்றியது, கை மேலே வந்து கண்ணாடியில் ஒட்டி, வழுக்கி இறங்கியது.

மெயினைத் திரும்பப் போட்டேன். இருட்டில் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"போன்ல இன்னொரு வார்த்தையும் இருக்குல்ல" என்றாள் அக்கா.

இருந்தது. பெட்டியை மறுபடி மாட்டி, மாமாவின் 'போயிட்டு வரேன்' குரலைப் பலகைக்கு முன்னால் ஓட விட்டோம். ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு பூட்டு 'டிக்' என்றது. கதவு திறந்தது, ஓர் ஆள் வெளியே போகிற நேரம் திறந்தே இருந்தது, மூடியது. ஏசி நின்றது. பலகையில் மாமாவின் பெயர் 'வருவார்கள்' என்பதற்குக் கீழே இறங்கியது.

அக்கா கம்பளியைக் கழற்றினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "தரகரே, தொழில் தெரிஞ்ச ஆளுதான்" என்று மாமா மாதிரியே சொல்லிச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் போனை எடுத்து அந்தப் பெயரை நீக்கப் போனேன்.

பூட்டு டிக் என்றது.

கதவு திறந்தது. ஓர் ஆள் உள்ளே வருகிற நேரம்.

மூடியது.

போயிட்டு வரேன் என்று சொன்னவர் வரத்தானே செய்வார்? அந்த வீட்டுக்கு அதைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். போனவர் எல்லாரும் வருவார்கள். வராதவர் என்று ஒருவர் உண்டு என்பதே அதற்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த யோசனைக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை. காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பலகையில் மூன்றாவதாக ஒரு தலைப்பு சேர்த்தேன். 'வரமாட்டார்கள்'. அதற்கு ஒரு வார்த்தை: 'வரமாட்டார்'. அதிலிருந்து திரும்பி வருவதற்கு வழி எதுவும் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? ஏசியின் குளிர் கழுத்துக்கு வந்துவிட்டது, ஆமை கூடத்தில் அந்த இரண்டு வட்டங்களைப் போட்டுக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வட்டங்கள் ஓர் அடி முன்னால்.

"நீயே சொல்லுடா" என்றாள் அக்கா.

"என் குரல் பதிவுல இல்லக்கா. வேலை செய்யற வீட்ல என் குரலை நான் பதியறதே இல்ல. இந்த வீட்டு ஆளு நீதான். நீதான் சொல்லணும்."

"என்னன்னு?"

"அவர் வரமாட்டார்னு."

அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. யார் துக்கம் கேட்டு வந்தாலும் "ஆமாம்" என்று மட்டும்தான் சொன்னாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன், ஒரு கட்டத்தில் அதட்டினேன். ஆமை என் காலுக்கு ஒரு முழத்துக்கு அந்தப்பக்கம் வட்டம் போட்டது.

அக்கா பலகைக்கு முன்னால் நின்றாள்.

"வரமாட்டார்" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை சொன்னாள். "வரமாட்டார்டா. இனிமே வரமாட்டார்."

எல்லாம் நின்றது. ஏசி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜின் ரீங்காரம்கூட. அப்படி ஓர் அமைதியை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அக்கா சுவரில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். வெட்கமாக இல்லை.

பிறகு ஆமை கிளம்பியது. நேராக வந்து அக்காவின் காலில் முட்டியது. சுற்றிப் போகவில்லை. முட்டிக்கொண்டே நின்றது, அங்கே கால் இருப்பது தெரியாத மாதிரி.

நான் பலகையைப் பார்த்தேன்.

இருக்கிறார்கள்: மாமா.

வரமாட்டார்கள்: அக்கா.

என் வேலையில் ஓர் அடிப்படை உண்டு. வார்த்தையை யார் சொல்கிறார்களோ அவர் பெயர்தான் நகரும். 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் சொன்னவர்தான் போகிறார். புதிய வார்த்தையையும் அவசரத்தில் அதே வரிசையில் சேர்த்திருந்தேன். இன்னொருவரைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது என்பது வீட்டுக்கு எப்படித் தெரியும்? வீட்டைப் பொறுத்தவரை அக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டாள். மூன்று தடவை.

பெயரைக் கையால் மேலே தள்ளினேன். ஏறியது, தானே கீழே இறங்கியது. அக்காவை 'வந்துட்டேன்' என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள், கத்தினாள். பலகை அசையவில்லை. அவள் நடந்தால் எரிகிற விளக்குகள் எரியவில்லை. எங்களுக்குப் பின்னால் கூடத்தில் மட்டும் அந்த மஞ்சள் வெளிச்சம் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை.

காரில் ஏறி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அக்கா பெல்ட் போடவில்லை. பக்கத்து ஸீட்டில் ஒருவர் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தால் என் கார் காது கிழியக் கத்தும்.

கத்தவில்லை.

"என்னடா?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். மருந்துக்கடையில் நிறுத்தினோம். தானாகத் திறக்கிற கதவு அவளுக்குத் திறக்கவில்லை. எனக்குத் திறந்தது. கடைக்காரர் என்னிடம் மட்டும் பேசினார். அக்கா கேட்ட மாத்திரையை இரண்டு தடவை அவள் கேட்டும் எடுக்கவில்லை, நான் கேட்டதும் எடுத்தார். அக்கா புத்திசாலி. என் வீட்டுக்குப் போகிற வழியில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"என்னங்க, அண்ணியக் கூட்டிட்டு வரேன்னீங்க?"

அக்கா அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தாள்.

முதலில் சாமான்கள், பிறகு மற்றவர்கள், கடைசியில் நான். எனக்கு மட்டும் ஆறு நாள் கிடைத்தது. முதல் மூன்று நாள் அவளை நன்றாகப் பார்க்க முடிந்தது. மாடி அறையில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினோம். நான் பைத்தியம் மாதிரி தனியாகப் பேசுகிறேன் என்று மனைவி அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். நாலாம் நாள் அக்காவின் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குத்தான் கேட்டது. ஐந்தாம் நாள் அவள் உருவம் கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற பனி அளவுக்கு வந்துவிட்டது. "என் சட்டையப் பிடிச்சுக்கக்கா" என்றேன். இடதுகை முழங்கைக்கு மேல் துணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை இழுத்தால் ஆமாம், இரண்டு தடவை இழுத்தால் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஆறாம் நாள் காலையில் அந்தப் பிடியைத் தவிர அவளிடமிருந்து எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அதுவும் மணிக்கு மணி இளகிக்கொண்டே வந்தது.

பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றோம். என்னை நம்பி ஒரு பிடி, அவள் போனிலிருந்து என் போனுக்கு மாற்றி வைத்த ஐந்து குரல் மாதிரிகள். அக்காவின் 'வந்துட்டேன்'. அவள் நேரில் கத்தியும் அசையாத பலகை, மாமாவின் பதிவுக்கு அசைந்ததே என்பதுதான் என் கணக்கு. சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. வீடு அமைதியாக, சுத்தமாக, காத்துக்கொண்டிருக்கிற வீடு மாதிரி இருந்தது.

"போடட்டுமாக்கா?"

சட்டையில் ஒரு இழுப்பு. நிறுத்தி, இன்னொரு இழுப்பு.

வேண்டாம்.

"வேற வழியில்லக்கா. இன்னைக்கு விட்டா உன் கையும் எனக்குத் தெரியாமப் போயிடும். நீ இங்க இருக்க. உன் குரல்தானே. உன் பேரு மேல ஏறினா நீதானே வருவ?"

இழுப்பு. இழுப்பு. பிறகு எண்ண முடியாதபடி, சட்டை கிழிகிற மாதிரி, இழுப்பு மேல் இழுப்பு.

நான் போனை நீட்டி அழுத்தினேன்.

'வந்துட்டேன்' என்றது அக்காவின் குரல். இரண்டு வருஷத்துக்கு முந்தைய குரல், மாமா இருந்த காலத்துக் குரல். பலகையில் அவள் பெயர் மேலே ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை. கூடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, அவளுக்குப் பிடித்த வெளிச்சத்தில். ஓர் ஆள் உள்ளே போகிற நேரம் கதவு என் முன்னால் திறந்தே இருந்தது. நான் பக்கத்தில் திரும்பினேன். இப்போது தெரிவாள் என்று, என் வாழ்நாளில் எதற்கும் ஏங்காத அளவுக்கு ஏங்கிக்கொண்டு திரும்பினேன்.

பக்கத்தில் வெறும் வெயில்.

உள்ளே சமையலறைப் பக்கமிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடி. அக்காவின் நடைதான், இடதுகாலை லேசாகத் தேய்த்து நடக்கிற நடை. நிலைக்கு வந்து நின்றாள். கம்பளி இல்லை. முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்து அவ்வளவு நிதானமாகச் சிரித்தாள்.

"ஏன்டா வெளியவே நிக்கிற? உள்ள வா. நீ வர்றவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் எவ்ளோ நேரமானாலும் காத்திருப்போம்."

என் சட்டைக் கையில் அந்தப் பிடி நடுங்கியது. பிறகு ஒவ்வொரு விரலாக விட்டது.